குழந்தைகளுக்கு முதல் கோடிங் பட்டறை: இடம் பிடிப்பதில் தொடங்கி கோப்புகளை வீட்டுக்கு அனுப்புவது வரை

இரண்டு மணி நேரப் பட்டறை முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழந்தையின் கையில் மவுஸ் எத்தனை நிமிடம் இருந்தது? முதல் முறை நடத்துபவர்களுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாமல் போவது சாதாரணம். அறிமுக உரை அரை மணி நேரம் ஓடியிருக்கும், லாகின் இருபது நிமிடத்தைத் தின்றிருக்கும், இரண்டு லேப்டாப் அப்டேட்டில் மாட்டியிருக்கும், மிச்ச நேரம் மவுஸ் உதவியாளர் கையில் இருந்திருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த நிமிடங்களைக் கூட்டுவதற்காகத்தான்.

கணக்குக்கு எளிதாக இருக்க 12 குழந்தைகள், 6 லேப்டாப், 2 மணி நேரம், ஒரு நடத்துநர், இரண்டு உதவியாளர்கள் என்று வைத்துக்கொள்கிறோம். இதற்குமேல் கூட்டத்தோடு முதல் பட்டறையைத் தொடங்காதீர்கள். 30 பேர் பெயர் கொடுத்தால் மூன்று நாளாகப் பிரியுங்கள்.

1. வயதை முதலில் முடிவு செய்யுங்கள், கருவியை அப்புறம்

'6 முதல் 15 வயது வரை வரலாம்' என்று அறிவித்தால் அந்த நாள் அப்போதே கைவிட்டுப் போனது. ஒரு பட்டறைக்கு மூன்று வயது, மிஞ்சினால் நான்கு வயது இடைவெளி போதும்.

5 முதல் 7 வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர். அதன் கட்டளைகள் படங்களாகவே இருப்பதால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தேவையில்லை. டேப்லெட்டில் ஓடும், விரலால் இழுத்தால் போதும். இந்த வயதில் பெற்றோர் ஒருவர் அறையிலேயே இருக்கட்டும்.

8 முதல் 12 வரை ஸ்க்ராட்ச். 'பிளாக்' எனப்படும் கட்டளைத் துண்டுகளை இழுத்துக் கோத்து நிரல் எழுதும் மென்பொருள் இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா ஆய்வகம் உருவாக்கியது, முழுக்க இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். 8 வயதுக் குழந்தைகள் அதிகம் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவர்கள் பள்ளியில் மைனஸ் எண்களை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். ஸ்க்ராட்ச் மேடையோ (உருவங்கள் ஓடியாடும் திரைப்பகுதி) நடுவில் 0, இடப்பக்கம் -240, வலப்பக்கம் 240, மேலே 180, கீழே -180 என்று அமைந்தது. 'தரைத்தளம் 0, அதற்குக் கீழே நிலவறைத் தளம் -1' என்று மாடிக் கட்டடத்தை வைத்துச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் பட்டறை முழுக்க அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

13க்கு மேல் பைத்தானுக்குப் போகலாம், அது தட்டச்சு செய்து எழுதும் நிரல்மொழி. கட்டளை கொடுத்துக் கோடு வரைய வைக்கும் அதன் 'டர்ட்டில்' பகுதி நல்ல தொடக்கம். ஆனால் தட்டச்சு வேகம் குறைவாக இருக்கும் என்பதால் ஸ்க்ராட்சில் ஒரு மணி நேரத்தில் முடிவது இங்கே இரண்டு மணி நேரம் எடுக்கும். ஒரு பொறியும் உண்டு. பிள்ளைகள் தங்கள் கோப்புக்கு 'டர்ட்டில்' என்றே பெயர் வைத்துச் சேமிப்பார்கள். அடுத்த முறை ஓட்டும்போது பைத்தான் உண்மையான டர்ட்டிலை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே இழுத்துக்கொள்ளும். புரியாத பிழைச்செய்தி வரும். கோப்புப் பெயரில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

2. ஒரே ஒரு பொருள், அதுவும் வீட்டில் காட்டக்கூடியது

'ஸ்க்ராட்ச் அறிமுகம்' என்பது தலைப்பே இல்லை. 'பந்து பிடிக்கும் விளையாட்டு செய்வோம்' என்பதுதான் தலைப்பு. குழந்தை வீட்டுக்குப் போய் 'நான் இதைச் செஞ்சேன்' என்று காட்ட ஒரு பொருள் இருக்க வேண்டும். மாறி (ஸ்கோர் போல மாறும் எண்), சுழற்சி (திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை (இப்படியானால் இதைச் செய்) ஆகிய மூன்றும் அந்தப் பொருளுக்குள் தாமாகவே வந்துவிடும். அவற்றின் பெயர்களைக் குழந்தைகள் பயன்படுத்தி முடித்த பிறகு சொன்னால் போதும்.

தேர்ந்தெடுத்த பொருளை நீங்கள் செய்து பார்த்தால் மட்டும் போதாது. கோடிங் தெரியாத பெரியவர் ஒருவரை உட்கார வைத்துச் செய்யச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். அவருக்கு 20 நிமிடம் ஆனால் குழந்தைகளுக்கு 40 என்று கணக்கு வையுங்கள்.

3. காகிதங்கள்: விளம்பரத்துக்கு முன்பே தயாராக வேண்டியவை

இந்த வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில், குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான பின்னணிச் சரிபார்ப்பு. இதன் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இடம் தருபவர்களிடமே 'வெளியாட்கள் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்க என்னென்ன சான்று கேட்பீர்கள்?' என்று கேளுங்கள். சான்று வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் தேதியை அறிவிக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். சட்டம் என்ன சொன்னாலும் சரி, அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கும் நிலை கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போதுகூட வரக்கூடாது. இரண்டு உதவியாளர்கள் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, இடத்துக்கான ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதில் பட்டறை நேரம் மட்டும் இருந்தால் பிரச்சினை. 10 மணிக்குப் பட்டறை என்றால் 9 மணிக்கே கதவு திறக்க வேண்டும், 12.30 வரை அறை உங்களிடம் இருக்க வேண்டும். சாவி யாரிடம், வைஃபை பாஸ்வேர்ட் யார் தருவார், மின்சாரம் போனால் யாரை அழைப்பது ஆகிய மூன்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீடு வெளியார் நடத்தும் நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்:

- குழந்தையின் பெயர், வயது
- பெற்றோர் தொலைபேசி எண்ணும் அவசரத்துக்கு இன்னொருவர் எண்ணும்
- பட்டறை முடிந்ததும் அழைத்துப் போக வருபவர் பெயர்
- ஒவ்வாமை, மருந்து, கண்பார்வை, காதுகேட்பு, வேறு ஏதேனும் உதவி தேவையா
- புகைப்படம் எடுக்கலாமா: ஆம் / இல்லை
- இணையத்தில் அக்கவுன்ட் திறக்கலாமா: ஆம் / இல்லை
- கையெழுத்து, தேதி

புகைப்படக் கேள்விக்குத் தனிக் கட்டம் வையுங்கள். 'கலந்துகொண்டால் படம் எடுக்கச் சம்மதம்' என்று ஒரே வரியில் கோப்பவர்கள் உண்டு. அது பெற்றோரைக் கட்டாயப்படுத்துவதாகும். 'இல்லை' என்று சொன்ன குழந்தையின் பெயரட்டையில் சின்னதாக ஒரு வண்ணப் புள்ளி ஒட்டிவிட்டால் படம் எடுப்பவருக்குத் தெரிந்துவிடும். பெயரட்டையில் முதல் பெயர் மட்டும் போதும்.

முகவரி, பள்ளியின் பெயர், அடையாள எண் எதுவும் கேட்க வேண்டாம். வாங்கினால் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

4. செலவு எங்கே ஆகும்

மென்பொருளுக்குச் செலவே இல்லை. குழந்தைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் கோட் கிளப் போன்ற அமைப்புகளின் திட்டத் தாள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் போவது வேறு இடங்களில்.

கம்பி வைத்த மவுஸ், 6 + கூடுதலாக 2. பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். ஸ்க்ராட்சில் எல்லாமே இழுத்து விடும் வேலை. லேப்டாப் டச்பேடில் சின்ன விரல்கள் பாதி வழியிலேயே பிளாக்கை நழுவவிடும், 'எனக்கு வரல' என்று குழந்தை கையை எடுத்துவிடும். கம்பியில்லா மவுஸ் வேண்டாம். ஆறும் ஒரே மாதிரி இருந்தால் எது எந்த லேப்டாப்புக்கு என்று குழப்பம் வரும், பேட்டரியும் தீரும்.

லேப்டாப் 6 + 1. ஏழாவது உபரி, அது திறந்தபடி ஓரமாக இருக்கட்டும். புதிதாக வாங்காதீர்கள். இரவல் வாங்கினால் ஒவ்வொன்றின் மேலும் உரிமையாளர் பெயர், சார்ஜர், கீறல் இருந்தால் அதையும் குறித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் மனக்கசப்பு பாதியாகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 3, தரையில் ஒட்டும் அகலமான டேப் ஒரு சுருள். ஏழு லேப்டாப் சார்ஜர் ஒவ்வொன்றும் 65 வாட் என்றால் மொத்தம் 455 வாட்தான், சுமை பெரிதில்லை. ஆபத்து காலில் தட்டும் வயரில் இருக்கிறது. ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகாதீர்கள். எல்லா லேப்டாப்பையும் முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டால் பாதி வயர் தேவையே படாது.

செய்முறையைப் படிப்படியாக அச்சிட்ட அட்டைகள் 6 செட், சிவப்பு காகிதக் கப் 6, பச்சை 6 (எதற்கென்று பின்னால் வருகிறது), பென் டிரைவ் 2, பெயரட்டைகள், குடிதண்ணீர். ஹெட்போன் தேவையில்லை, ஒலியைக் குறைத்து வைத்தால் போதும்.

இலவசப் பட்டறைக்குப் பெயர் கொடுத்தவர்களில் சிலர் வரமாட்டார்கள். அதற்காக 12 இடத்துக்கு 16 பேரைச் சேர்த்துவிடாதீர்கள், பதினாறு பேரும் வந்து நிற்கும் நாளும் உண்டு. நான்கு பேர் காத்திருப்புப் பட்டியல் வையுங்கள். மூன்று நாளுக்கு முன் எல்லாப் பெற்றோருக்கும் 'வருவீர்களா?' என்று செய்தி அனுப்புங்கள். பதில் வராதவர்களை ஒரு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள்.

5. முந்தின வாரமும் முந்தின நாளும்

அக்கவுன்ட் வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ராட்சை அக்கவுன்ட் இல்லாமலே பயன்படுத்தலாம், வேலையைக் கணினியிலேயே சேமிக்கலாம். பட்டறையில் 12 குழந்தைகளுக்கு அக்கவுன்ட் திறக்கத் தொடங்கினால் பெற்றோர் மின்னஞ்சல், மறந்த பாஸ்வேர்ட், 'அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்ற செய்தி என்று நேரம் கரையும். தொடர் வகுப்பு நடத்துவதாக இருந்தால் ஆசிரியர் அக்கவுன்ட்டுக்கு முன்னதாகவே விண்ணப்பித்து, மாணவர் பெயர்களை நீங்களே உருவாக்கிவிடுங்கள். அப்போதும் சொந்தப் பெயரில் வேண்டாம். ஸ்க்ராட்ச் தளத்தில் பகிரப்படும் படைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு முன்: ஏழு லேப்டாப்பிலும் ஸ்க்ராட்சின் ஆஃப்லைன் செயலியை நிறுவுங்கள். பள்ளிக் கணினிகளில் நிறுவ நிர்வாகி பாஸ்வேர்ட் வேண்டும், அந்த ஆள் விடுப்பில் போவதற்குள் பிடித்துவிடுங்கள். நிறுவ முடியாத கணினியில் பிரவுசரில் திறந்து பாருங்கள். ஒரு கணினியில் ஓடியது என்று மற்றவற்றை நம்பிவிடாதீர்கள். க்ரோம் 63, ஃபயர்பாக்ஸ் 57, சஃபாரி 11 ஆகியவற்றைவிடப் பழைய பதிப்பு என்றால் ஓடாது.

முந்தின நாள்: எல்லா அப்டேட்டையும் ஓட்டி முடித்து, ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். திரை தானாக அணையும் நேரத்தை நீட்டுங்கள். தேவையற்ற அறிவிப்புகளை நிறுத்துங்கள், இரவல் லேப்டாப்பில் உரிமையாளரின் தனிப்பட்ட செய்தி குழந்தைகள் முன்னால் திரையில் வந்து விழுவது யாருக்கும் நல்லதில்லை. கூடியமட்டும் 'விருந்தினர்' என்று தனியாக ஒரு பயனர் கணக்கை அந்தக் கணினியில் உருவாக்கி அதில் நுழையுங்கள். டெஸ்க்டாப்பில் 'மேசை 1', 'மேசை 2' என்று கோப்புறை போட்டு வையுங்கள். எல்லாரும் ஒரே பெயரில் சேமித்துவிட்டால் கடைசியில் எது யாருடையது என்று தேடி அலைய வேண்டும்.

6. 120 நிமிடம்: ஒரு பங்கீடு

வருகை, உட்கார வைப்பது 10. கணினி இல்லாத விளையாட்டு 10. முடிந்த விளையாட்டைக் காட்டுவது 5. முதல் கட்டம் செய்வது 35. இடைவேளை 10. சொந்த மாற்றங்கள் 30. எல்லாரும் எல்லார் விளையாட்டையும் ஆடிப் பார்ப்பது 15. சேமிப்பு, அனுப்பி வைப்பது 5.

கையால் செய்யும் நேரம் 65 நிமிடம். இருவருக்கு ஒரு லேப்டாப் என்பதால் ஆளுக்கு 32 நிமிடம் மவுஸ் கிடைக்கும். எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து மாற்றுங்கள். மணி அடிக்காவிட்டால் ஒரே பிள்ளை கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பது ஜன்னலைப் பார்க்கும். மவுஸ் இல்லாதவருக்கும் வேலை உண்டு: அட்டையைப் படித்துச் சொல்வது, தப்பைக் கண்டுபிடிப்பது. அண்ணன் தங்கையை ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள், மவுஸ் யாரிடம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணினி இல்லாத அந்தப் பத்து நிமிடம் வீண் என்று வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். தரையில் ஒரு நாற்காலியைத் தடையாக வைத்து ஒருவரை 'ரோபோ' ஆக்குங்கள். 'ஓர் அடி முன்னே', 'வலது பக்கம் திரும்பு', 'இடது பக்கம் திரும்பு' என்ற மூன்றே கட்டளைகளால் மற்றவர்கள் அவரைக் கதவு வரை நடத்த வேண்டும். எதிரில் நிற்பவர் தன் வலதைச் சொல்லுவார், ரோபோ தன் வலதுக்குத் திரும்பி நாற்காலியில் இடிக்கும். எல்லாரும் சிரித்து முடித்ததும் 'யாரோட வலது?' என்று கேளுங்கள். ஸ்க்ராட்சில் திசை எண்கள் வரும்போது (மேலே 0, வலது 90, கீழே 180, இடது -90) இந்தக் காட்சியை நினைவூட்டினால் போதும்.

7. பந்து பிடிக்கும் விளையாட்டு, பிளாக் பிளாக்காக

இரண்டு ஸ்பிரைட் (மேடையில் நகரும் உருவம்): கிண்ணம், பந்து. இரண்டுமே ஸ்க்ராட்சின் சொந்தத் தொகுப்பில் இருக்கின்றன. தொடக்கத்திலேயே மேடையில் நிற்கும் பூனையை அழித்துவிடலாம், சில குழந்தைகள் சம்மதிக்க மாட்டார்கள். அப்படியானால் பூனையே பிடிக்கட்டும்.

கிண்ணத்துக்கு: பச்சைக் கொடி (விளையாட்டைத் தொடங்கும் பட்டன்) அழுத்தியதும் எக்ஸ் (இட-வல இடம்) 0, ஒய் (மேல்-கீழ் இடம்) -140க்குப் போ. அடுத்து 'ஃபாரெவர்' (நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப) சுழற்சி. அதற்குள் இரண்டு 'இஃப்' (இப்படியானால்): வலது அம்பு விசை அழுத்தியிருந்தால் எக்ஸை 10 மாற்று, இடது அம்பு அழுத்தியிருந்தால் -10 மாற்று.

பந்துக்கு: பச்சைக் கொடி அழுத்தியதும் ஸ்கோரை 0 ஆக்கு. எக்ஸ் -220க்கும் 220க்கும் இடையில் ஏதாவது ஓர் எண், ஒய் 180 என்ற இடத்துக்குப் போ. பிறகு 'ஃபாரெவர்': ஒய்யை -5 மாற்று. ஒய் -170ஐவிடக் குறைந்தால் திரும்ப மேலே போ. கிண்ணத்தைத் தொட்டால் ஸ்கோரை 1 கூட்டு, திரும்ப மேலே போ.

அவ்வளவுதான். ஸ்க்ராட்ச் இந்தச் சுழற்சியை விநாடிக்கு 30 தடவை ஓட்டும். எனவே பந்து விநாடிக்கு 150 புள்ளி இறங்கி, ஏறக்குறைய 2.4 விநாடியில் தரையைத் தொடும். கிண்ணம் விநாடிக்கு 300 புள்ளி நகரும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 440 புள்ளி, ஒன்றரை விநாடி. அதாவது, முயன்றால் எந்தப் பந்தையும் பிடிக்கலாம். வேகத்தை -10 ஆக்கினால் பந்து கிண்ணத்தின் உயரத்துக்கு ஒரு விநாடியில் வந்துவிடும், எட்டாத மூலையிலிருந்து சில பந்துகள் தப்பும். குழந்தைகள் எடுத்த எடுப்பில் -50 போடுவார்கள். போடட்டும். ஆட முடியாமல் தவித்து, தாங்களே குறைத்து -7க்கு வரும்போது விளையாட்டு வடிவமைப்பு என்றால் என்ன என்பது புரிந்திருக்கும்.

இனி, எங்கே இடறும்.

'நீலப் பிளாக் எல்லாம் காணோம்!' இந்தக் குரல் நிச்சயம் வரும். குழந்தை ஸ்பிரைட்டுக்குப் பதில் மேடையைத் தேர்ந்தெடுத்திருக்கும். மேடைக்கு நகர்வு பிளாக் கிடையாது. வலது கீழ்ப் பகுதியில் ஸ்பிரைட்டை அழுத்தினால் திரும்ப வந்துவிடும். இதன் இன்னொரு வடிவம், பந்தின் நிரலைக் கிண்ணத்தில் எழுதிவிடுவது. கிண்ணம் மேலிருந்து விழும். எந்த ஸ்பிரைட் தேர்வில் இருக்கிறது என்று பார்ப்பதை முதல் சோதனையாக்குங்கள்.

ஒரு தொடுதலுக்கு ஸ்கோர் எட்டு, பத்து என்று தாவும். கிண்ணத்தைத் தொட்டதும் பந்தை மேலே அனுப்பும் பிளாக்கை விட்டுவிட்டார்கள். பந்து கிண்ணத்தைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 'தொட்டாச்சா? ஆமாம், ஒன்று கூட்டு' என்று விநாடிக்கு 30 தடவை ஓடுகிறது.

கிண்ணம் திக்கித் திக்கி நகரும். 'அம்பு விசை அழுத்தும்போது' என்ற மஞ்சள் பிளாக்கைப் பயன்படுத்தியிருப்பார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு தடவை நகர்ந்து, சற்றுத் தயங்கி, பிறகுதான் தொடர்ந்து நகரும். ஃபாரெவருக்குள் இஃப் போட்டால் இந்தத் தயக்கம் இருக்காது.

கடைசியாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று நிற்பது. 'ஒய் -170ஐவிடக் குறைந்தால்' என்பதற்குப் பதில் 'ஒய் -180க்குச் சமமானால்' என்று ஒரு ஜோடி எழுதியிருக்கும். வேகம் -5 இருக்கும் வரை பிரச்சினையே இல்லை: 180இலிருந்து ஐந்து ஐந்தாக இறங்கினால் 72ஆவது சுற்றில் சரியாக -180 வரும். வேகத்தை -7 ஆக்கியதும் பந்து -177க்கு வரும், அடுத்த சுற்றில் -184. நடுவில் -180 என்ற எண்ணையே அது தொடவில்லை. ஸ்பிரைட்டை முழுசாக மேடைக்கு வெளியே போக ஸ்க்ராட்ச் விடாது என்பதால் பந்து கீழ் விளிம்பில் பாதி தெரிந்தபடி ஒட்டிக்கொண்டு நிற்கும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளில் 180, 173, 166 என்று எழுதத் தொடங்கிக் கொடுங்கள். மிச்சத்தைக் குழந்தைகளே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். அன்றைய பட்டறையில் மிகச் சிறந்த ஐந்து நிமிடம் அதுவாக இருக்கும், வேண்டுமென்றே இந்தத் தப்பை ஓர் அட்டையில் வைப்பதிலும் தவறில்லை.

15 நிமிடத்தில் முடித்துவிட்டு 'அடுத்து என்ன?' என்று நிற்கும் பிள்ளைக்கு மூன்று அட்டை தயாராக இருக்கட்டும்: தொட்டால் ஸ்கோர் குறையும் இரண்டாவது பந்து, 30 விநாடிக் கடிகாரம், ஸ்கோர் 10 கூடும் ஒவ்வொரு முறையும் வேகம் கூடுவது. புதிய விளையாட்டு எதையும் கொடுக்காதீர்கள், பக்கத்து மேசையில் இருப்பவர்கள் தங்களுடையதை விட்டுவிட்டு அதைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

8. உதவியாளர்களின் கை எங்கே இருக்க வேண்டும்

முதுகுக்குப் பின்னால். கேலிக்காகச் சொல்லவில்லை, முதல் பட்டறையில் உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் தவறுவார்கள். 'இரு, நான் காட்டுறேன்' என்று மவுஸை வாங்கி நான்கே விநாடியில் சரி செய்துவிடுவார்கள். விளையாட்டு ஓடும், குழந்தைக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அதற்குப் பதில் மூன்று கேள்வி: 'பந்து எங்க போகணும்னு நெனச்சே? இப்ப எங்க போகுது? எந்த பிளாக்ல இருந்து தப்பாப் போகுதுன்னு நெனக்கிறே?' மூன்றாவது கேள்விக்கு முன்பே பாதிப் பேர் 'ஓ!' என்று திரும்பிவிடுவார்கள்.

கப்புகள் இதற்குத்தான். பச்சைக் கப் மேலே இருந்தால் வேலை நடக்கிறது, சிவப்பு மேலே இருந்தால் உதவி வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் குழந்தை அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யாது. கப்பை மாற்றி வைத்துவிட்டு மறுபடி முயன்றுகொண்டிருக்கலாம். சிவப்பு வைக்கும் முன் பக்கத்து மேசையில் ஒருமுறை கேட்க வேண்டும் என்றும் விதி வையுங்கள்.

பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் மவுஸ் அவர்கள் கைக்குத்தான் போகும். 8 வயதுக்கு மேல் என்றால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசி 15 நிமிடத்துக்கு விளையாடிப் பார்க்க வரச் சொல்லுங்கள்.

9. மைக்ரோபிட் வைத்து நடத்துவதாக இருந்தால்

கையில் பிடிக்கும் பலகை, 25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவு உணரி. ஸ்க்ராட்ச் பட்டறை ஒன்றிரண்டு நடத்திய பிறகு இதற்கு வாருங்கள். பலகை 6 + 1, யூஎஸ்பி கேபிள் 8, பேட்டரிப் பெட்டி 7, ஏஏஏ பேட்டரி 14 + உபரி 6.

கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு. அவற்றில் பலகையின் விளக்கு எரியும், ஆனால் கணினியில் மைக்ரோபிட் டிரைவ் தெரியாது. பலகை போய்விட்டது என்று தூக்கி வைத்துவிடுவார்கள். டேட்டா போகும் கேபிளில் பச்சை டேப் சுற்றி வையுங்கள், மற்றதைப் பையிலேயே வைக்க வேண்டாம். டிரைவின் பெயர் 'மெயின்டெனன்ஸ்' என்று வந்தால், செருகும்போது ரீசெட் பட்டன் அழுந்தியிருக்கிறது. கழற்றிவிட்டு, பட்டனைத் தொடாமல் மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மேக்கோட் எடிட்டரில் செய்த நிரல், பலகைக்குப் புரியும் ஹெக்ஸ் கோப்பாக இறங்கும், அதை டிரைவில் போட வேண்டும். போட்டதும் டிரைவ் மறைந்து திரும்ப வரும், உள்ளே கோப்பு இருக்காது. அது பிழை இல்லை, நிரல் ஏறிவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். க்ரோம், எட்ஜ் பிரவுசர்களில் பலகையை நேரடியாக இணைத்தால் இந்தக் கோப்பு வேலையே இல்லை.

முதல் பொருளாகப் பகடை நல்லது: குலுக்கினால் எண் காட்டு, எண் 1 முதல் 6 வரை ஏதாவது ஒன்று. எடிட்டர் தானாகத் தருவது 0 முதல் 10 வரை. அதை மாற்ற மறந்தால் பகடையில் 0 விழும், 9ம் விழும்.

ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்கு ரேடியோவில் செய்தி அனுப்பும் விளையாட்டு என்றால், அட்டையில் இருப்பதைப் பார்த்து எல்லா மேசையும் 'குழு 1' என்றே வைத்துவிடும். ஒரு மேசையில் பட்டன் அழுத்தினால் மற்ற ஐந்து மேசையிலும் இதயம் மின்னும். இரண்டு நிமிடம் அந்தக் கூச்சலை ரசித்துவிட்டு, மேசை எண்ணையே குழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள். 0 முதல் 255 வரை எதையும் வைக்கலாம்.

பலகையை உலோக மேசையில் வைக்க வேண்டாம், பின்பக்க இணைப்புகள் ஷார்ட் ஆகும். ஒலிபெருக்கியும் மைக்கும் இரண்டாம் பதிப்பில்தான் உண்டு, இரவல் வாங்கும் பலகைகள் எல்லாம் ஒரே பதிப்பா என்று பாருங்கள்.

10. முடிந்த அன்று மாலைக்குள்

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு மேசைக் கோப்புறையையும் பென் டிரைவில் எடுங்கள். இரண்டு பென் டிரைவ் சொன்னது இதற்குத்தான், ஒருவர் 1 முதல் 3, இன்னொருவர் 4 முதல் 6. கோப்பைப் பெற்றோருக்கு அன்றே அனுப்புங்கள். ஸ்க்ராட்ச் தளத்தின் எடிட்டரை எப்படித் திறப்பது, கோப்பை எப்படி ஏற்றுவது என்ற இரண்டு வரியும் கூடவே போகட்டும். வெறும் கோப்பை மட்டும் அனுப்பினால் அதை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு 'திறக்கலையே' என்று விட்டுவிடுவார்கள். ஜோடியாகச் செய்தது என்பதால் இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும்.

படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும் குழந்தையை ஒப்படைத்து வருகைப் பதிவில் நேரத்தைக் குறியுங்கள். தெரிந்த முகம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பெயர் இல்லாத ஆள் வந்தால் பெற்றோருக்கு அழைத்துக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

இரவல் லேப்டாப்பில் உருவாக்கிய பயனர் கணக்கையும் குழந்தைகளின் கோப்புகளையும் அழித்துவிட்டு, பதிவுத் தாளில் குறித்தபடி சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஒப்புதல் படிவங்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று இடம் தந்தவர்களிடம் கேட்டு, அந்தத் தேதியை உறையின் மேல் எழுதி வையுங்கள். தேதி வந்ததும் கிழித்துவிடலாம். அறையைப் பூட்டும் முன் உதவியாளர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்த அட்டையில் எத்தனை சிவப்புக் கப் விழுந்தது என்று எழுதுங்கள். ஒரே வரியில் மூன்று மேசை நின்றிருந்தால் அந்த வரியை அடுத்த அச்சுக்கு முன் மாற்றி எழுத வேண்டும்.